வெளிநாட்டுப் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறதா? என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துச் சரிசெய்யும் வழி

கும்பகோணத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்ப வேலைகள் செய்யும் சின்னக் கடை என்னுடையது. பட்டா நகல், வருமானச் சான்று என்று வருகிறவர்களுக்கு நடுவே சில வருடங்களாக இன்னொரு வகை ஆட்களும் வருகிறார்கள். போனை நீட்டி, "தம்பி, கஸ்டம்ஸ்ல நிக்குதாம், பணம் கட்டச் சொல்றான், கட்டலாமா?" என்பார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் ஆள் இல்லாத தெரு நம் பக்கத்தில் குறைவு. இப்போது அவர்கள் அனுப்புவது போதாமல் நாமும் நேரடியாக வாங்குகிறோம். அதனால் கூத்தாநல்லூரிலிருந்து மன்னார்குடி வரை இதே கேள்விதான்.

நான் சுங்க அதிகாரி இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான சீட்டுகளைப் படித்துப் பார்த்திருக்கிறேன். அதில் கற்றது ஒன்றுதான்: கேட்கப்படும் தொகையில் அரசுக்குப் போவது எவ்வளவு, கூரியருக்குப் போவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு ரூபாய் கூடக் கட்டக் கூடாது. இரண்டுமே இல்லை என்றால், கேட்கிறவன் திருடன்.

முதலில் ட்ராக்கிங் எண்ணைப் பாருங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து என்று மொத்தம் 13 இருந்தால் அது தபால் வழி வருகிறது. வெளிநாட்டுத் தபால்களைப் பிரிக்கும் நம் நாட்டு அஞ்சலகத்திலேயே சுங்க அதிகாரி பார்த்து வரி போடுவார், பணத்தைத் தபால்காரர் வீட்டு வாசலில் வாங்குவார். வேறு மாதிரி எண் என்றால் கூரியர். உங்கள் சார்பாகக் கூரியர் நிறுவனமே 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற இறக்குமதிச் சீட்டைத் தாக்கல் செய்யும், பெரும்பாலும் வரியையும் முன்கூட்டிக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும். கீழே சொல்கிற ஒவ்வொன்றுக்கும் இந்த வித்தியாசம் வேண்டும்.

ட்ராக்கிங் நாலைந்து நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது

தபால் என்றால் கொஞ்சம் பொறுங்கள். பண்டிகைக் காலத்தில் மூட்டைகள் குவியும்போது தாமதம் சகஜம்.

கூரியர் என்றால் பொறுக்க வேண்டாம், உங்கள் மெயிலையும் அதன் ஸ்பாம் பகுதியையும் தேடுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் கே.ஒய்.சி. கேட்டு ஒரு மெயில் படிக்கப்படாமல் கிடக்கும். தனி ஆள் இறக்குமதி செய்தால் ஆதார், பான், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை போன்ற ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவரை சீட்டு தாக்கலாகாது, பெட்டி நகராது. உள்ளூர்க் கிளையில் போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை. பார்சல் இன்னும் சென்னையிலோ மும்பையிலோ இருக்கிறது, டெலிவரி கொடுக்கும் பையனுக்கு அதில் எந்த அதிகாரமும் கிடையாது.

கே.ஒய்.சி. கொடுத்தும் நிற்கிறதென்றால் பெயரைப் பாருங்கள். நம் இனிஷியல் படுத்தும் பாடு இது. வெளிநாட்டு இணையதளம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நம்மவர் முதல் கட்டத்தில் 'குமார்' என்றும் இரண்டாவதில் ஊர்ப் பெயரையும் போட்டிருப்பார். ஆதாரிலோ 'செந்தில்குமார் ரா'. இரண்டும் ஒரே ஆள் என்று அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆர்டர் போடும்போதே அட்டையில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து முதல் கட்டத்திலும், இனிஷியலையோ தகப்பனார் பெயரையோ அட்டையில் உள்ளபடியே இரண்டாவது கட்டத்திலும் போடுங்கள். ஏற்கெனவே தவறிவிட்டால், இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று ஒரு கடிதம் எழுதி, ஆர்டர் பக்கத்தின் நகலோடு கூரியரின் சுங்கப் பிரிவுக்கு மெயில் அனுப்புங்கள்.

ஆதாரைக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் முதல் எட்டு இலக்கம் மறைந்த ஆதாரை இறக்கிக் கொள்ளலாம். ஏற்கவில்லை என்றால் வேறு அட்டையைக் கொடுக்கலாம். எதைக் கொடுத்தாலும் குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தட்டாதீர்கள். கூரியரின் தளத்தை நீங்களே திறந்து, ட்ராக்கிங் எண்ணைப் போட்டு, அங்கிருந்து ஏற்றுங்கள்.

நான் போட்ட கணக்கைவிட பில் அதிகமாக வந்திருக்கிறது

இதற்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

திருவையாற்றில் வயலின் கற்கும் ஒரு பெண் ஐரோப்பாவிலிருந்து கம்பி செட் வரவழைத்தார். கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கிச் சொல்கிறேன். பொருள் விலை 8,000 ரூபாய், அனுப்பும் செலவு 2,500. கூரியர் கேட்டது நாலாயிரத்துச் சொச்சம். "பாதி விலையை வரியாவே கேக்குறாங்கண்ணே" என்று கண் கலங்கி வந்தார்.

சுங்கத் தீர்வை பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. விலை, காப்பீடு, அனுப்பும் செலவு மூன்றும் சேர்ந்ததுதான் மதிப்பு. 2007ஆம் ஆண்டு சுங்க மதிப்பீட்டு விதிகளில் நமக்குச் சாதகமான ஒரு வரி உண்டு: விமானத்தில் வரும் பொருளுக்கு அனுப்பும் செலவு எவ்வளவு ஆகியிருந்தாலும், பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் விலையில் 1.125 சதவீதம். ஆக அந்தப் பெண்ணின் கம்பிக்கு 8,000, அதோடு 1,600, அதோடு 90. மதிப்பு 9,690 ரூபாய்.

இதன் மேல் அடிப்படைச் சுங்கத் தீர்வை. 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 969. சமூக நல மேல்வரி என்று ஒரு வரி சீட்டில் இருந்தால், அது அந்த 969இல் 10 சதவீதம், அதாவது 96.90. பொருள் விலையில் 10 சதவீதம் அல்ல. பலர் இங்கேதான் தப்பாகக் கூட்டுகிறார்கள். இவை எல்லாம் சேர்ந்த 10,755.90இன் மேல் ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்றால் 1,936.06. மொத்த வரி 3,001.96. வரிக்கு மேல் வரி என்பதால் 10, 1, 18 என்று கூட்டி 29 என்று நினைத்தால் கணக்கு இடிக்கும். உண்மையில் அது 30.98 சதவீதம்.

அவரிடம் கேட்ட மீதித் தொகை கூரியரின் சேவைக் கட்டணமும் அந்தக் கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி.யும். வரியை முன்கூட்டிக் கட்டியதற்காக வாங்குவது. இது அரசுத் தீர்வை அல்ல. சின்னப் பொருளுக்கு இதுதான் அதிகம் வலிக்கும். வரியை நாமே நேரடியாகக் கட்ட வழி இருக்கிறதா என்று கூரியரிடம் முதலிலேயே கேட்டால் சில நேரம் மிச்சமாகும்.

அவர் சீட்டில் இன்னொரு பிழையும் இருந்தது. அனுப்பும் செலவு 2,500ஐயும் அப்படியே மதிப்பில் சேர்த்திருந்தார்கள். அதனால் வரி 279 ரூபாய் கூடியிருந்தது. விதியைச் சுட்டிக்காட்டி, ஆர்டர் நகலோடு மெயில் அனுப்பினோம். இரண்டு தடவை நினைவூட்டிய பிறகு திருத்தினார்கள். 279 பெரிய தொகை இல்லைதான். ஆனால் கனமான பொருளில், அனுப்பும் செலவே பொருள் விலையை நெருங்கும்போது, இந்த ஒரு பிழை ஆயிரக்கணக்கில் போகும்.

சதவீதத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இணையத்தில் இன்னும் '77 சதவீதம் வரி' என்று பயமுறுத்தும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அது பொய்யில்லை, பழைய கதை. சொந்த உபயோகத்துக்கான பொருள் என்று சுங்க வரிப் பட்டியலின் 9804 தலைப்பில் வருபவற்றுக்கு அடிப்படைத் தீர்வை 35, மேல்வரி 3.5, ஐ.ஜி.எஸ்.டி. 28 என்று இருந்த காலத்தில் வரிக்கு மேல் வரியாகக் கணக்குப் போட்டால் 77.28 வரும். 2025 பட்ஜெட்டில் அந்த 35ஐ 20 ஆக்கினார்கள். 2026 பட்ஜெட்டில் 20ஐ 10 ஆக்கினார்கள். 28 சதவீத ஜி.எஸ்.டி. அடுக்கு 2025 செப்டம்பர் 22 மாற்றத்தோடு போய், இந்தத் தலைப்புக்கு 18 ஆயிற்று. எந்த நாளில் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலானதோ அந்த நாளின் விகிதம்தான் பொருந்தும், நீங்கள் ஆர்டர் போட்ட நாளின் விகிதம் அல்ல. பொருளை அதற்குரிய வேறு தலைப்பில் வகைப்படுத்தியிருந்தால் விகிதமும் மாறும். ஆகவே சீட்டைக் கேட்டு வாங்கி, தலைப்பு எண், தேதி, சதவீதம் மூன்றையும் பாருங்கள். டாலரையோ யூரோவையோ ரூபாயாக்குவதும் உங்கள் வங்கி விகிதத்தில் அல்ல, சுங்கத்துறை மாதம் இரண்டு முறை வெளியிடும் விகிதத்தில். வங்கி கார்டுக்குப் பிடிக்கும் அன்னியச் செலாவணிக் கட்டணம் தனி, அதற்கும் சுங்கத்துக்கும் சம்பந்தமில்லை.

மச்சான் அன்பாக அனுப்பியது, விற்க இல்லை. அதற்கு ஏன் வரி?

ஒரு காலத்தில் 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு வரி இல்லை. அந்த நினைப்பு நம் ஊரில் இன்னும் போகவில்லை. சிங்கப்பூரில் இருப்பவரும் பெட்டி மேல் 'கிஃப்ட்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புகிறார்.

அந்தச் சலுகையைச் சில இணைய விற்பனையாளர்கள் தவறாகப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு ஆர்டரையும் அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினார்கள். 2019 டிசம்பர் 12 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் தபாலிலும் கூரியரிலும் அன்பளிப்பு என்று சொல்லிப் பொருளை விடுவிப்பதைத் தடை செய்தது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் மட்டும் விலக்கு. முழு வரியையும் கட்டினால் அன்பளிப்பை வாங்கிக்கொள்ளலாம்.

இதை நான் சொல்லும்போது மனது கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேத்திக்கு அனுப்பிய பொம்மைக்கும், தலைத் தீபாவளிக்கு அனுப்பிய கடிகாரத்துக்கும் வரியா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பதில் மாறாது.

அவசரமில்லாத பொருள் என்றால் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறவரின் பெட்டிக்குப் பயணச் சுமை விதி வேறு. வெளிநாடு போய்த் திரும்பும் நம் ஊர்க்காரருக்கு 2016 விதிகளில் 50,000 ரூபாய் வரை வரி இல்லாமல் இருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகளில் அது 75,000. இந்தச் சலுகை ஆளோடு வரும் பெட்டிக்குத்தான், அவர் கூரியரில் போட்டுவிட்டு வரும் பெட்டிக்கு அல்ல.

வாங்கும்போதே வரி கட்டினேன், இங்கே மறுபடி கேட்கிறார்கள்

எந்த வரி என்று பில்லைப் பாருங்கள். சிங்கப்பூர்க் கடையில் பிடித்த 9 சதவீத ஜி.எஸ்.டி. சிங்கப்பூர் அரசுக்குப் போனது. பிரிட்டனில் பிடித்த 20 சதவீத வாட் அந்த நாட்டுக்கு. நம் நாட்டு வரி அதில் அடங்காது. ஏற்றுமதியாகும் பொருளுக்கு அந்நாட்டு வரியைக் கழித்துத் தரும் கடைகள் உண்டு, ஆர்டர் போடும் முன் கேட்டு எழுதுங்கள்.

கடைசிப் பக்கத்தில் இறக்குமதிக் கட்டணத்துக்கான முன்பணம் என்று தனியாக வாங்கியிருந்தால், அல்லது 'டி.டி.பி.' என்று குறிப்பிட்டிருந்தால், நம் நாட்டு வரியைக் கட்ட வேண்டியவர் விற்றவர். அப்போது கூரியருக்குப் பணம் கட்டாமல் ஆர்டர் நகலை அனுப்பி, விற்றவரிடம் வசூலிக்கச் சொல்லுங்கள்.

தபால்காரர் பணம் கேட்கிறார்

பார்சலோடு வந்த மதிப்பீட்டுச் சீட்டைப் பாருங்கள், தொகை சரியாக இருந்தால் கட்டி ரசீது வாங்குங்கள். தீர்வை 100 ரூபாயோ அதற்குக் குறைவோ என்றால் சுங்கச் சட்டத்தின் 25(6) பிரிவுப்படி வசூலிக்க மாட்டார்கள்.

விலையை நம்ப மறுத்து ஆவணம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது

பயப்பட வேண்டாம். ஆர்டர் பக்கத்தின் நகல், பணம் போனதைக் காட்டும் வங்கி வரி, அதே பொருளின் இணையதள விலைப் பக்கம், சொந்த உபயோகம் என்று ஒரு கடிதம். இந்த நான்கையும் கடிதத்தில் குறிப்பிட்ட நாளுக்குள் அனுப்பினால் பெரும்பாலும் முடிந்துவிடும். தள்ளுபடியில் வாங்கியிருந்தால் தள்ளுபடி தெரியும் பக்கம் அவசியம்.

விற்றவரே விலையைக் குறைத்து எழுதி அனுப்பியிருந்தால் உண்மை விலையை ஒப்புக்கொள்ளுங்கள். குறைத்து எழுதுவது பொருளையே பறிமுதல் செய்யக் காரணமாகும், அபராதமும் வரும். வழியில் தொலைந்தால் நஷ்டஈடும் எழுதிய விலைக்குத்தான். 'விலையைக் குறைச்சுப் போடச் சொல்லட்டுமா?' என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் வேண்டாம்தான்.

வரி கட்டத் தயார், ஆனால் விட மாட்டேன் என்கிறார்கள்

அப்படியென்றால் சிக்கல் வரியில் இல்லை, பொருளில். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, வயலில் மருந்தடிக்கத்தான் என்றாலும். மின் சிகரெட்டுக்கு 2019 முதல் சட்டமே தடை. வாக்கி டாக்கி போன்ற அலைக்கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். இங்கே கிடைக்காத மருந்தை நோயாளி தனக்காக வரவழைக்க 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12பி அனுமதி வாங்க வேண்டும். அதை ஆர்டர் போடும் முன்பே வாங்குங்கள், மருந்து அங்கே வந்து வெயிலில் கிடக்கும்போது அல்ல. மடிக்கணினி ஒன்றை இணையத்தில் வாங்கித் தபாலிலோ கூரியரிலோ வரவழைக்க உரிமம் தேவையில்லை, வரி மட்டும் உண்டு.

நம் பக்கத்தில் அதிகம் மாட்டுவது விதையும் நாற்றும். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் தாய்லாந்திலிருந்து காய்கறி விதை வாங்கினார். சின்னக் கவர்தான், விலையும் சில நூறு ரூபாய். வரவில்லை. 2003ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை உள்ளே வரக் கூடாது. வந்த பிறகு இந்தத் தாள்களைத் தேடிப் பயனில்லை.

அவர் கோபப்பட்டார். நான் அவரிடம் பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகளை நினைவூட்டினேன். கஜா புயலில் தப்பிய மரங்களின் ஓலையில் வெள்ளையும் கருப்புமாகப் படிந்ததே, அந்தச் சுருள் வெள்ளை ஈ நம் நாட்டுப் பூச்சி அல்ல. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டார்கள். ஒரு கவர் விதையை நிறுத்துகிற அந்த அதிகாரி நம் வயலுக்கும் சேர்த்துத்தான் காவல் நிற்கிறார். இதில் நான் சுங்கத்தின் பக்கம்.

'டெல்லி கஸ்டம்ஸிலிருந்து பேசுகிறோம்' என்று போன்

இதைப் படிப்பவர்கள் வீட்டில் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.

கதை எப்போதும் ஒன்றுதான். முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ பழகிய வெளிநாட்டு நண்பர் நகை, போன், பவுண்டு நோட்டு என்று அனுப்பியதாகச் சொல்வார். பெட்டியின் படமும் வரும். இரண்டு நாளில் ஒரு பெண் குரல், 35,000 கட்டினால் விட்டுவிடுவோம் என்று. கட்டினால் அடுத்து பணமோசடி வழக்கு என்பார்கள், இன்னும் கேட்பார்கள். நம் ஊர் அக்கா ஒருவர் தாலிச் செயினை அடகு வைத்த பிறகுதான் என் கடைக்கு வந்தார். பெட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை.

சுங்க அதிகாரி போனில் பணம் கேட்க மாட்டார். தனி ஆள் பெயரில் உள்ள கணக்குக்கோ யு.பி.ஐ.க்கோ சுங்கத் தீர்வை போகாது. துறையிலிருந்து வரும் கடிதத்தில் 2019 நவம்பர் முதல் 'டின்' என்னும் ஆவண அடையாள எண் இருக்கும். அதை மத்திய மறைமுக வரி வாரியத்தின் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். எண் இல்லாத கடிதத்தையோ, தளத்தில் தென்படாத எண்ணையோ நம்ப வேண்டாம். பணம் போய்விட்டிருந்தால் வெட்கப்பட்டு ஒரு ராத்திரியைக் கூடக் கடத்தாதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணைக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் சொன்னால்தான் முடக்க முடியும்.

உடைந்து வந்தது, அல்லது எனக்கு வேண்டவே வேண்டாம்

இன்னும் விடுவிக்கப்படவில்லை என்றால், உரிமையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம். சுங்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது, தீர்வை கட்ட வேண்டியதில்லை. தடை செய்த பொருளை வரவழைத்துவிட்டு இப்படி ஒதுங்க முடியாது. எழுதிக் கொடுக்காமல் சும்மா இருந்தால் கூரியர் திருப்பி அனுப்பும் செலவையும் கிடங்கு வாடகையையும் உங்கள் தலையில் வைக்கப் பார்க்கும்.

வரி கட்டி வாங்கிய பின் பழுது தெரிந்தால், விற்றவர் விலையைத் திருப்பித் தருவார், வரியைத் தர மாட்டார். வரிக்கு 26ஏ பிரிவு இருக்கிறது. பொருள் விடுவிக்கப்பட்ட 30 நாளுக்குள் அது பழுதென்று சுங்கத்துக்குக் காட்ட வேண்டும், பயன்படுத்தியிருக்கக் கூடாது, அந்த 30 நாளுக்குள்ளேயே அதைத் திருப்பி ஏற்றுமதி செய்யவோ விட்டுக்கொடுக்கவோ அதிகாரி முன்னிலையில் அழிக்கவோ வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்குள் பணம் கேட்க வேண்டும். சில நூறு ரூபாய் வரிக்கு இந்த அலைச்சல் கட்டாது என்பது என் கருத்து. பத்தாயிரத்தைத் தாண்டினால் செய்யுங்கள். அதற்குப் பில் ஆஃப் என்ட்ரி நகல் கையில் இருக்க வேண்டும். கூரியர் தானாகத் தராது, பெட்டி வந்த அன்றே மெயிலில் கேட்டு வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது ஒட்டியிருக்கும் சீட்டு தெரியும்படி போனில் படம் பிடித்துக்கொண்டே பிரியுங்கள்.